எடையில் கை வைக்கும் முன்: ஃபஸ்ஸி ஒருங்கிணைப்பில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பல அளவீடுகளை 0 முதல் 1 வரை மதிப்பாக மாற்றி, அவற்றை ஒரே எண்ணாகச் சேர்த்து, அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படிச் சேர்ப்பதைத்தான் ஃபஸ்ஸி ஒருங்கிணைப்பு என்கிறோம். விடை சரியில்லை என்றதும் நாம் முதலில் கை வைப்பது எடையில்தான். 0.15 என்று இருந்ததை 0.20 ஆக்குவோம். ஒரு மாதிரிக்குச் சரியாகும், அடுத்த மாதிரிக்குக் கெட்டுப்போகும். திரும்பவும் மாற்றுவோம். நானும் பல நாள் இப்படிச் செய்திருக்கிறேன். பெரும்பாலும் கோளாறு எடையில் இருக்காது, சேர்க்கும் சார்பில், அதாவது சேர்க்கும் வாய்பாட்டில், இருக்கும். ஒன்றில் உள்ள குறையை இன்னொன்றின் நிறை ஈடுகட்டலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு சார்பும் தனக்குள் ஒரு பதில் வைத்திருக்கிறது. அது உங்கள் பதில் இல்லையென்றால் எந்த எடையாலும் பயனில்லை.

எடுத்துக்காட்டுக்கு முழுக்கத் தண்ணீரையே வைத்துக்கொள்கிறேன். ஒரு கிணற்று நீரை ஒன்பது வகையில் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை மதிப்புக் கொடுத்து, கடைசியில் ஒரே மதிப்பெண் போடுகிறோம்.

முதலில் ஐந்து உள்ளீடுகளைப் போட்டுப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதில் தொடங்குங்கள். பத்து நிமிடம் போதும். எல்லா உள்ளீடும் 0 என்றால் விடை 0 வர வேண்டும். எல்லாம் 1 என்றால் 1 வர வேண்டும். ஏதாவது ஒன்றை மட்டும் கொஞ்சம் கூட்டினால் விடை குறையவே கூடாது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் உங்களிடம் இருப்பது ஒருங்கிணைப்புச் சார்பே இல்லை. நிரலில் எங்கோ பிழை இருக்கிறது, மேலே படிக்காமல் அதைத் தேடுங்கள்.

அடுத்து எல்லாவற்றுக்கும் 0.6 கொடுங்கள், அப்புறம் எல்லாவற்றுக்கும் 0.4 கொடுங்கள். 0.6-க்கு 0.6, 0.4-க்கு 0.4 வந்தால் உங்கள் சார்பு சராசரிக் குடும்பம். மின் (இருப்பதில் சிறியதை எடுப்பது), மேக்ஸ் (இருப்பதில் பெரியதை எடுப்பது) இரண்டும்கூட இந்தக் கணக்கில்தான் வரும். இரண்டுமே குறைந்து வந்தால் 'மற்றும்' என்று சேர்க்கும் டி-நார்ம் குடும்பம். இரண்டும் கூடி வந்தால் 'அல்லது' குடும்பம். 0.6 மேலே போய், 0.4 கீழே போனால் யூனிநார்ம் வகை. நாம் எந்தக் குடும்பத்தை வைத்து வேலை செய்கிறோம் என்பதே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடும் திட்டங்கள் உண்டு. இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: 'நல்ல நீர்' என்று வருகிறது, ஆனால் குடிக்க முடியாது

அதிகம் பார்ப்பதும், ஆபத்து அதிகம் உள்ளதும் இதுதான். அமெரிக்காவில் 1970-இல் பிரௌன் முதலானோர் உருவாக்கிய நீர்த்தரக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்பது அளவீடுகள், எடையிட்ட கூட்டுச் சராசரி. கரைந்த ஆக்சிஜனுக்கு எடை 0.17, மலக் கோலிஃபார்ம் கிருமிக்கு 0.16, மற்றவற்றுக்கு 0.11-இலிருந்து 0.07 வரை. கூட்டினால் 1.

இப்போது ஒரு மாதிரி. கிருமி அளவீட்டின் மதிப்பு 0.02, அதாவது படுமோசம். மற்ற எட்டும் 0.9. கணக்குப் போடுங்கள்: 0.16 × 0.02 + 0.84 × 0.9 = 0.759. நூற்றுக்கு 76. அந்தக் குறியீட்டில் 70-க்கு மேல் இருந்தால் 'நன்று'. சாக்கடை கலந்த தண்ணீருக்கு 'நன்று' என்று சான்று கிடைத்துவிட்டது.

எடையைக் கூட்டிப் பாருங்கள். கிருமிக்கு 0.30 கொடுத்தாலும் 0.636 வருகிறது. இன்னும் 'நடுத்தரம்'தான். சராசரி என்றாலே ஒன்றின் குறையை மற்றவை அடைத்துவிடலாம் என்று ஒத்துக்கொள்வதுதான். எட்டுப் பேர் சேர்ந்து ஒருவரை மறைத்துவிடுகிறார்கள்.

சார்பை மாற்றினால் என்ன ஆகிறது? அதே எடை, அதே மாதிரி, பெருக்குச் சராசரி (ஒவ்வொரு மதிப்பையும் அதன் எடையின் அடுக்கில் ஏற்றி எல்லாவற்றையும் பெருக்குவது): 0.49. இப்போது 'மோசம்' என்ற வகுப்பு. மேலே சொன்ன குறியீட்டுக்கே பிறகு பெருக்கல் வடிவம் முன்வைக்கப்பட்டதற்கும் இந்த மறைப்புதான் காரணம். ஆரிகன் மாநிலத்தின் குறியீட்டில் வரும் வாய்பாடு இன்னும் கடுமையானது. ஒவ்வொரு மதிப்பின் வர்க்கத்தையும் தலைகீழாக்கிச் சராசரி எடுத்து, அதைத் திரும்பத் தலைகீழாக்கி வர்க்கமூலம் காண வேண்டும். எடையே கிடையாது. நம் மாதிரியை அதில் போட்டால் 0.06. மின் எடுத்தால் 0.02. ஒரே தண்ணீருக்கு 0.76, 0.49, 0.06, 0.02 என்று நான்கு விடை. நான்குமே கணக்கில் சரி. அவை நான்கு வேறு வேறு கேள்விக்கான பதில்கள்.

எதை எடுப்பது? உயிருக்கு ஆபத்தான அளவீடு இருந்தால் அதைச் சராசரிக்குள் போடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதைத் தனி வாசலாக வையுங்கள். வரம்பைத் தாண்டினால் மதிப்பெண் போடும் பேச்சே இல்லை. மிச்சத்தைப் பெருக்குச் சராசரியில் சேருங்கள். இந்தியாவின் தேசியக் காற்றுத் தரக் குறியீடு வேறு வழியில் இதையே செய்கிறது. எட்டு மாசுகளுக்கும் துணைக் குறியீடு கணக்கிட்டு, எது மிக மோசமோ அதையே மொத்தக் குறியீடாக அறிவிக்கிறது. அங்கே ஈடுகட்டல் என்பதே கிடையாது. ஐ.நா.வின் மனிதவள மேம்பாட்டுக் குறியீடும் 2010-இல் கூட்டுச் சராசரியை விட்டுப் பெருக்குச் சராசரிக்கு மாறியது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றில் ஒன்றின் சரிவை மற்றொன்று முழுக்க மூடிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

முழுக்க விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, முழுக்கக் கறாராக இருக்கவும் மனமில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. மனிதர்களே அப்படித்தான் யோசிக்கிறார்கள். 1980-இல் ஸிம்மர்மான், ஸிஸ்னோ இருவரும் ஆட்களை வைத்துச் சோதித்தபோது, மக்கள் மனத்துக்குள் சேர்க்கும் விதம் மின்னுக்கும் பொருந்தவில்லை, வெறும் பெருக்கலுக்கும் பொருந்தவில்லை. இடையில் ஓரளவு ஈடுகட்டல் இருந்தது. அதற்காக அவர்கள் தந்த காமா செயலியில் ஒரே ஒரு திருகு இருக்கும். 0-இல் வைத்தால் 'மற்றும்', 1-இல் வைத்தால் 'அல்லது'.

அறிகுறி: எல்லாம் நன்றாக இருக்கிறது, மொத்தம் மட்டும் பூச்சியத்தை ஒட்டி வருகிறது

இது முந்தைய அறிகுறிக்கு நேர் எதிர். பத்து அளவீடுகளும் 0.9 என்றால் பெருக்கல் 0.35 தரும். பத்தும் 0.8 என்றால் 0.11. லூகசேவிச் டி-நார்ம் போட்டிருந்தால் இன்னும் மோசம். ஐந்து 0.8-களே போதும், விடை சரியாக 0. குறையை எல்லாம் கூட்டி, 1-ஐத் தொட்டதும் சுழியாக்கிவிடும் சார்பு அது.

கண்டுபிடிக்க எளிய வழி: அளவீடுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கிப் பாருங்கள். விடை சட்டென்று ஏறினால் இதுதான் கோளாறு. மூன்று அளவீடு இருந்த காலத்தில் வைத்த '0.5-க்கு மேல் தேர்ச்சி' என்ற வரம்பு, அளவீடு ஒன்பதானதும் அர்த்தம் இழந்துவிட்டது. பெருக்கலின் ஒன்பதாம் மூலத்தை எடுங்கள். அது பெருக்குச் சராசரி ஆகிவிடும், எண்ணிக்கையின் பாதிப்பு நீங்கும். வரம்பைக் கீழே இறக்கிச் சமாளிக்காதீர்கள். அடுத்த அளவீடு சேரும்போது அதே தொல்லை திரும்பி வரும்.

அறிகுறி: ஒரே ஒரு பூச்சியம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது

பெருக்குச் சராசரிக்கு மாறிய பிறகு வரும் அறிகுறி இது. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கிணறு தொடர்ந்து மூன்று வாரம் 0 என்றே வந்தது. மற்ற எட்டு எண்களும் 0.8-க்கு மேல். எடை, சார்பு, மூலம் எல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தேன், சரியாகவே இருந்தன. கடைசியில் ஆய்வகம் அனுப்பிய மூலத் தாளைத் திறந்தேன். நைட்ரேட் கட்டத்தில் எண்ணே இல்லை. 'கண்டறியப்படவில்லை' என்று எழுத்தில் இருந்தது. எங்கள் நிரல் அந்த எழுத்தை எண்ணாகப் படிக்க முடியாமல் வெற்றிடமாக்கி, வெற்றிடத்தை மதிப்பு 0 ஆக்கியிருந்தது. நைட்ரேட் தென்படவில்லை என்பது கிடைக்கக்கூடிய மிக நல்ல முடிவு. அதற்குப் போக வேண்டிய மதிப்பு 1. நாங்கள் மிக மோசமானதைக் கொடுத்திருந்தோம். கூட்டுச் சராசரி இருந்த காலத்திலும் இந்தப் பிழை இருந்திருக்கிறது. பத்தில் ஒரு பங்கு இழப்பாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

ஆகவே ஒவ்வொரு 0-வையும் பிடித்து, நீ யார் என்று கேளுங்கள். உண்மையிலேயே ஏற்க முடியாத நிலையா? கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழா? அல்லது அளக்கவே இல்லையா? முதலாவது என்றால் விழுங்கட்டும், அதுதான் நியாயம். இரண்டாவதை எல்லை மதிப்பைக் கொண்டு மாற்றுங்கள். மூன்றாவதற்கு 0-வும் வேண்டாம், 0.5-உம் வேண்டாம். அந்த அளவீட்டை நீக்கிவிட்டு மிச்ச எடைகளை மறுபடி 1-க்குக் கொண்டுவாருங்கள், எத்தனை அளவீடு இருந்தது என்பதையும் விடையோடு சேர்த்துக் காட்டுங்கள். குறைந்தபட்சம் எத்தனை வேண்டும் என்றும் ஒரு விதி வையுங்கள். காற்றுத் தரக் குறியீட்டில் அந்த விதி இருக்கிறது: மூன்று மாசுகளின் அளவாவது வேண்டும், அதில் ஒன்று பிஎம் 2.5 அல்லது பிஎம் 10 என்ற நுண்துகள் அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குறியீடே கணக்கிடக் கூடாது.

இதே நோயின் கண்ணாடிப் பிம்பம் ஒன்று உண்டு. அதனாசோவின் உள்ளுணர்வு ஃபஸ்ஸி கணங்களில் ஒவ்வொரு நிபுணரும் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு எண் தருவார். அவற்றைச் சேர்க்கப் பரவலாகப் பயன்படும் எடைச் சராசரியில், ஆதரவுப் பகுதிக்கு (1 − ஆதரவு) மதிப்புகளை எடையின் அடுக்கில் பெருக்கி 1-இலிருந்து கழிக்கிறோம். ஒரு நிபுணர் ஆதரவு 1 என்று சொல்லிவிட்டால் பெருக்கம் 0 ஆகிவிடும், விடை 1. அவருடைய எடை 0.1 ஆக இருந்தாலும் சரி, மற்றவர்கள் எல்லாரும் 0.2 சொன்னாலும் சரி. அவர் 1-க்குப் பதில் 0.9999 சொல்லியிருந்தால்? விடை 0.67. நான்காம் தசம இடத்தில் ஒரு வித்தியாசம், விடையில் மூன்றில் ஒரு பங்கு மாறுகிறது. சோதித்துப் பார்க்க இதே இரண்டு எண்ணைப் போடுங்கள். நிபுணர்கள் 1 அல்லது 0 சொல்லக்கூடிய இடத்தில் இந்தச் சார்பைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. ஆதரவுக்குத் தனி, எதிர்ப்புக்குத் தனி என்று சாதாரணக் கூட்டுச் சராசரி எடுப்பது எளிமையானது, இப்படித் துள்ளாது.

அறிகுறி: எல்லா விடையும் நடுவில் வந்து குவிகிறது

இருபது கிணறு, இருபதுக்கும் 0.55-க்கும் 0.65-க்கும் இடையில் மதிப்பெண். அளவீடு கூடக் கூடச் சராசரி இப்படித்தான் எல்லாவற்றையும் நடுவுக்கு இழுக்கும்.

இங்கே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். நீங்கள் சேர்ப்பது வேறு வேறு அளவுகோல்களையா, அல்லது ஒரே விஷயத்துக்கான வேறு வேறு சாட்சிகளையா? மூன்று தனித்தனி உணர்கருவிகள் 'கசிவு இருக்கிறது' என்று தலா 0.7 சொன்னால், மொத்த நம்பிக்கை 0.7-லேயே நிற்பது சரியில்லை. மூன்று பேர் ஒரே பக்கம் கை காட்டும்போது நம்பிக்கை ஏற வேண்டும். யேகரும் ரைபலோவும் 1996-இல் பெயரிட்ட யூனிநார்ம் இதற்கானது. மதிப்புகளின் பெருக்கத்தை, அதே பெருக்கமும் (1 − மதிப்பு)களின் பெருக்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். மூன்று 0.7-க்கு 0.343 ÷ 0.370, அதாவது 0.93. மூன்று 0.3-க்கு 0.07. 0.5 இங்கே சமனி, எதையும் மாற்றாது. அதனால் கருத்துச் சொல்ல முடியாத கருவிக்கு 0.5 கொடுப்பது இந்த ஒரு இடத்தில் மட்டும் சரி.

இரண்டு எச்சரிக்கை. ஒருவர் 1, இன்னொருவர் 0 என்றால் கீழும் மேலும் 0 ஆகி நிரல் நின்றுவிடும். உள்ளீட்டை 0.01-க்கும் 0.99-க்கும் இடையில் நிறுத்துங்கள். இரண்டாவது இன்னும் முக்கியம்: மூன்று கருவியும் ஒரே மின்கலத்தில், ஒரே குழாயில் இருந்தால் அவை மூன்று சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி மூன்று முறை பேசுகிறது. அப்போது 0.93 என்பது பொய் நம்பிக்கை.

அறிகுறி: வரிசை எடைச் சராசரி கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது, ஆனால் சரியில்லை

யேகர் 1988-இல் கொடுத்த வரிசை எடைச் சராசரியில், சுருக்கமாக ஓடபிள்யூஏ-வில் (OWA), எடை ஆளுக்கு அல்ல, இடத்துக்கு. மதிப்புகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, முதல் இடத்துக்கு ஒரு எடை, இரண்டாம் இடத்துக்கு ஒரு எடை என்று கொடுக்கிறோம். நீச்சல்குளப் பாய்தல் போட்டியில் ஏழு நடுவர்கள் மதிப்பெண் போட, மேலே இரண்டையும் கீழே இரண்டையும் நீக்கி நடு மூன்றை எடுப்பதும் இந்த வகைதான்.

பிழை இரண்டு இடத்தில் வரும். ஒன்று, அடுக்க மறந்துவிடுவது. உள்ளீடுகளின் இடத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள், விடை மாறினால் அடுக்கவில்லை. இன்னொன்று, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவது. பல நிரல் மொழிகளில் வரிசைப்படுத்தும் கட்டளை இயல்பாக அப்படித்தான் தரும். 'பெரும்பாலானவை' என்பதற்கு ஐந்து பேருக்கான எடைகள் 0, 0.2, 0.4, 0.4, 0 என்று வைத்துக்கொள்வோம். மதிப்புகள் 0.9, 0.8, 0.6, 0.5, 0.1. சரியான விடை 0.60, தலைகீழ் விடை 0.66. இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் இது பிடிபடுவதில்லை. 1, 1, 0, 0, 0 என்று கொடுங்கள். 0.2 வந்தால் சரி, 0.4 வந்தால் தலைகீழ்.

நிபுணர்களின் முக்கியத்துவமும் வேண்டும், இட எடையும் வேண்டும் என்றால் இரண்டையும் வெறுமனே பெருக்காதீர்கள். டோரா 1997-இல் கொடுத்த டபிள்யூஓடபிள்யூஏ (WOWA) என்ற சார்பு அதற்கென்றே உள்ளது.

அறிகுறி: எந்த எடை போட்டாலும் நாம் நினைக்கும் கிணறு முதலில் வரவில்லை

எடை தேடி அலையும் முன் இதைப் பாருங்கள். இரண்டு அளவுகோல். முதல் கிணறு (1, 0), இரண்டாவது (0, 1), மூன்றாவது (0.45, 0.45). நமக்கு வேண்டியது இரண்டிலும் ஓரளவு தேறும் மூன்றாவது. எடைச் சராசரியில் அது எப்போதும் 0.45. மற்ற இரண்டில் ஒன்றுக்கு எப்போதும் 0.5 அல்லது அதற்கு மேல் கிடைக்கும், ஏனென்றால் இரண்டு எடைகளின் கூட்டு 1. ஆக, அப்படி ஒரு எடை கிடையவே கிடையாது.

தேவைப்படுவது அளவுகோல்களின் கூட்டணிக்கும் எடை தரும் ஷோகே தொகையீடு. கலங்கலும் மொத்தத் திடப்பொருளும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும். இரண்டுக்கும் முழு எடை கொடுத்தால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணுகிறோம். தனித்தனியே 0.3, 0.3 கொடுத்து, இரண்டும் சேர்ந்தால் 0.6-க்குப் பதில் 0.4 மட்டும் கொடுங்கள். கலங்கல் 0.9, திடப்பொருள் 0.8, கிருமி 0.2 உள்ள மாதிரிக்குக் கீழிருந்து படிப்படியாக: 0.2 × 1, அடுத்த 0.6 ஏற்றத்துக்கு 0.4, கடைசி 0.1 ஏற்றத்துக்கு 0.3. மொத்தம் 0.47. எடை 0.3, 0.3, 0.4 வைத்த சராசரி இதற்கு 0.59 தந்திருக்கும்.

விடை விநோதமாக வந்தால் முதலில் கூட்டணி எடைகளைச் சோதியுங்கள். ஆள் சேரச் சேர எடை குறையக் கூடாது. பிறகு கூட்டணி எடை தனி எடைகளின் கூட்டுத்தொகையாக இருக்கும்படி வைத்தால் சாதாரண எடைச் சராசரியும், எடை ஆள் எண்ணிக்கையை மட்டும் பொறுத்திருக்கும்படி வைத்தால் ஓடபிள்யூஏ-வும் வர வேண்டும். வரவில்லையென்றால் நிரலில் பிழை. ஒன்பது அளவுகோலுக்கு 510 எண்கள் தேவைப்படும் என்பதை மறக்க வேண்டாம். கையில் நாற்பது மாதிரி வைத்துக்கொண்டு அவ்வளவையும் கற்க முடியாது. கிராபிஷின் 2-கூட்டல் வடிவத்தில் ஜோடி உறவுகளை மட்டும் வைத்தால் 44 போதும்.

அறிகுறி: கடைசி இடத்துக் கிணறு ஒன்றைச் சேர்த்ததும் முதலிடம் மாறிவிட்டது

இங்கே குற்றவாளி சேர்க்கும் சார்பு இல்லை, அதற்கு முந்தைய படி. பட்டியலில் உள்ள மிகச் சிறியதை 0, மிகப் பெரியதை 1 என்று நீட்டியிருப்பீர்கள். முதல் கிணறு 1000 லிட்டர், தரம் 50. இரண்டாவது 800, 70. மூன்றாவது 600, 40. சம எடையில் 0.67, 0.75, 0. இரண்டாவதுக்கு முதலிடம். இப்போது 700 லிட்டர், தரம் 0 என்று நான்காவது சேர்கிறது. தரத்தின் அடிக்கோடு 40-இலிருந்து 0-க்கு இறங்க, முதல் கிணறு 0.86-க்கு ஏறி முந்திவிடுகிறது. பட்டியலைப் பாராமல் எல்லைகளை வெளியிலிருந்து நிலையாக வையுங்கள். மனிதவள மேம்பாட்டுக் குறியீட்டில் ஆயுட்காலத்துக்கு 20, 85 என்று நிலையான எல்லைகள் இருப்பது இதனால்தான்.

அறிகுறி: தரவு வரும் வரிசையைப் பொறுத்து விடை மாறுகிறது

சராசரிக்குச் சேர்ப்புப் பண்பு கிடையாது, அதாவது எதை முதலில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். 0.2, 0.4 இரண்டின் சராசரி 0.3. அதோடு 0.9 சேர்த்துச் சராசரி எடுத்தால் 0.6. மூன்றையும் ஒன்றாக எடுத்தால் 0.5. தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியே ஏந்திச் செல்லுங்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: சொற்களுக்கு எண் கொடுத்தோம், எண்ணை மாற்றினால் முடிவும் மாறுகிறது

மிக மோசம் 1, மோசம் 2, சுமார் 3, நன்று 4, மிக நன்று 5. முதல் கிணற்றுக்கு மூன்று ஆய்வாளர்கள் 5, 5, 2 என்றும், இரண்டாவதற்கு 4, 4, 3 என்றும் சொல்கிறார்கள். சராசரியில் முதலாவது ஜெயிக்கிறது. அதே சொற்களுக்கு அதே ஏறுவரிசையில் 0, 10, 60, 90, 100 என்று எண் கொடுங்கள். முதலாவதின் தொகை 210, இரண்டாவதின் தொகை 240. முடிவு புரண்டுவிட்டது. ஆய்வாளர்கள் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

நம்மிடம் இருப்பது வரிசை மட்டும்தான், இடைவெளி இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் வரிசையை மட்டும் பார்க்கும் சார்புதான் வேண்டும். இடைநிலை அளவு, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது, போதும். கூட்டணிக்கும் எடை வேண்டுமென்றால் அதையும் அதே சொல் அளவுகோலில் கொடுத்து, வரிசையை மட்டும் பார்க்கும் சுகெனோ தொகையீடு போடலாம். இடைநிலை எடுத்தால் முதல் கிணறு 'மிக நன்று', இரண்டாவது 'நன்று'. சொற்களுக்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும், ஏறுவரிசை மாறாத வரை, இந்த விடை மாறாது.